சாப்பாட்டால் மூளைச் செல் முளைக்குமா?

உறவுக்காரப் பெண் ஒருவர் போன வாரம் போன் செய்தார். அவருடைய கணவருக்கு 54 வயது. எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை, போன வருடத்திலிருந்து மனச்சோர்வுக்கும் மாத்திரை. வீட்டில் சுத்த சைவம். யாரோ அனுப்பிய வீடியோவில் ஒருவர், "சாப்பாட்டை மாற்றினால் மூன்றே மாதத்தில் மூளையில் புதுச் செல் முளைக்கும், மனச்சோர்வு மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடலாம்" என்று அடித்துப் பேசுகிறாராம். கீழே ஒரு பொடிக்கு விலையும் ஆர்டர் செய்ய நம்பரும். "அண்ணே, இது நிஜமா? வாங்கட்டுமா?" என்பது கேள்வி.

போனில் மூன்றே வரிதான் சொன்னேன். மாத்திரையை நிறுத்தாதே, பொடியை வாங்காதே, மாப்பிள்ளைக்கு ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு பார். "ஏன்?" என்றார். அந்த ஏனுக்குப் பதில் கொஞ்சம் நீளம், அதனால் எழுதுகிறேன். நான் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் எடுப்பவன், மனநல மருத்துவர் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

வீடியோக்காரர் சொன்னது முழுப்பொய் என்றால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். அதில் கால்வாசி உண்மை இருப்பதுதான் தொல்லை.

வளர்ந்த மூளையில் புது நரம்பணு, அதாவது நரம்புச் செல், உண்டாகவே உண்டாகாது என்பதுதான் நெடுங்காலம் பாடப்புத்தகத்தில் இருந்தது. நரம்பியலின் தந்தை என்று சொல்லப்படும் ஸ்பெயின் நாட்டு கஹால் அப்படித்தான் எழுதிவைத்தார். 1960-களில் அமெரிக்காவில் ஜோசப் ஆல்ட்மன் என்பவர் வளர்ந்த எலியின் மூளையில் புது நரம்பணுக்களைப் பார்த்ததாகச் சொன்னார். அவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1980-களில் ஃபெர்னாண்டோ நாட்டபோம் கேனரிப் பறவைகளின் மூளையில், அவை பாட்டுக் கற்கும் பகுதியில், புதுச் செல்கள் சேர்வதைக் காட்டினார். மனிதனுக்கு வந்தது 1998-ல். ஸ்வீடனில் புற்றுநோயாளிகள் ஐந்து பேருக்கு, பிரியும் செல்லின் டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருளை, கட்டி எவ்வளவு பெருகுகிறது என்று பார்ப்பதற்காக ஏற்றியிருந்தார்கள். அவர்கள் இறந்தபின் மூளையை ஆராய்ந்த பீட்டர் எரிக்சனும் ஃப்ரெட் கேஜும், அந்த அடையாளம் பதிந்த நரம்பணுக்களை ஹிப்போகேம்பஸில் கண்டார்கள். ஹிப்போகேம்பஸ் என்பது காதுக்கு உள்பக்கமாக, மூளையின் ஆழத்தில், கடல்குதிரை போலச் சுருண்டு கிடக்கும் பகுதி. புது நினைவு பதிவதற்கும், பதற்றத்தையும் மனநிலையையும் சமன்செய்வதற்கும் அது வேண்டும்.

2013-ல் ஸ்டாக்ஹோமில் யோனாஸ் ஃப்ரிசனின் குழு செய்தது எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டு வெடித்துச் சோதித்ததால் காற்றில் கார்பன்-14 ஏறியது. அது பயிருக்குப் போய், சாப்பாட்டின் வழியாக அந்தக் காலத்தில் பூமியில் இருந்த எல்லோருடைய டி.என்.ஏ.விலும் ஏறிவிட்டது. பிறகு ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வந்தது. ஆகவே ஒரு செல்லின் டி.என்.ஏ.வில் உள்ள கார்பன்-14-ஐ அளந்தால் அந்தச் செல் எந்த ஆண்டில் பிறந்தது என்று கணக்குப் போடலாம். அப்படிக் கணக்கிட்டு, ஒவ்வொரு பக்க ஹிப்போகேம்பஸிலும் நாளுக்குச் சுமார் 700 நரம்பணுக்கள் புதிதாகச் சேர்கின்றன என்றார்கள். அணுகுண்டால் மனித குலத்துக்குக் கிடைத்த ஒரே நன்மை இதுதான் என்று வகுப்பில் சொல்வேன்.

சண்டை அதோடு ஓயவில்லை. 2018-ல் சில வார இடைவெளியில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. கலிஃபோர்னியாக் குழு, 13 வயதுக்குப் பிறகு தேடித் தேடிப் பார்த்தும் ஒரு புது நரம்பணுகூடக் கிடைக்கவில்லை என்றது. நியூயார்க் குழு, எழுபது வயதிலும் இருக்கிறது என்றது. அடுத்த ஆண்டு மாட்ரிட்டிலிருந்து, எண்பதைத் தாண்டியவர்களிடமும் இருக்கிறது, ஆனால் அல்சைமர் நோயில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்று ஓர் ஆய்வு வந்தது. மூளையை இறந்தபின் எவ்வளவு சீக்கிரம் எடுத்தார்கள், எந்த ரசாயனத்தில் எத்தனை நாள் ஊறவைத்தார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. 2025-ல் ஃப்ரிசனின் குழு, பிரிந்து பெருகும் நிலையில் இருக்கும் தாய்ச்செல்களையே வளர்ந்த மனிதர்களின் மூளையில் அடையாளம் கண்டது. ஒரு தகவல் என்னவென்றால், சிலரிடம் அவை நிறைய இருந்தன, சிலரிடம் தேடினாலும் கிடைப்பது அரிதாக இருந்தது.

ஆக, புதுச் செல் உண்டாகிறது என்ற பக்கமே இப்போது கனக்கிறது. ஆனால் அளவைப் பாருங்கள். மூளையில் மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். நாளுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஆயிரத்து நானூறு வாக்கில் சேர்வது, அதுவும் ஒரு மூலையில் மட்டும். அதைவிட முக்கியமான விஷயம், உயிரோடு இருக்கும் ஒருவரின் மூளையில் புது நரம்பணுவை எண்ணிப் பார்க்க இன்றைக்கு வழியே கிடையாது. எம்.ஆர்.ஐ. காட்டுவது பருமனை மட்டுமே. அப்படியிருக்க, தன் பொடியைச் சாப்பிட்டவருக்கு "மூன்று மாதத்தில் செல் முளைத்தது" என்று வீடியோக்காரர் எதை வைத்து அளந்தார்?

எலி ஆய்வுகளை வைத்துத்தான். அங்கே சாப்பாட்டுக்கும் புது நரம்பணுவுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனியை இரண்டு மாதம் கொடுத்த எலிகளின் ஹிப்போகேம்பஸில் பி.டி.என்.எஃப். என்ற புரதம் குறைந்தது, நீர்த்தொட்டியில் மறைத்துவைத்த மேடையைக் கண்டுபிடிக்கத் திணறின. பி.டி.என்.எஃப். நரம்பணுவுக்கு உரம் மாதிரி. இளஞ்செல் பிழைப்பதற்கும் கிளை விடுவதற்கும் அது வேண்டும். மாறாக, தீனியைக் குறைத்த எலிகளிலும், ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி போட்டவற்றிலும் பி.டி.என்.எஃப். கூடியது, புதுச் செல்கள் அதிகம் பிழைத்தன. இதைத்தான் எடுத்துக்கொண்டு "விரதம் இருந்தால் மூளை வளரும்" என்கிறார்கள். 24 மணி நேரம் சாப்பிடாத சுண்டெலி தன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே இழந்துவிடும். சஷ்டிக்கு ஒருவேளை பலகாரத்தோடு நிறுத்திக்கொள்ளும் நம் விரதத்தை அதோடு ஒப்பிட முடியாது. விரதம் இருக்காதீர்கள் என்று சொல்லவில்லை. மூளைக்காக என்று இருக்காதீர்கள், அவ்வளவுதான். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் டாக்டரைக் கேட்காமல் இருக்கவே கூடாது.

மனிதர்களிடம் திண்ணமாகத் தெரிந்திருப்பது வேறொரு பக்கம். சாப்பாட்டில் ஒன்று குறைந்தால் மூளை என்ன ஆகும் என்பது. அதற்குச் சான்று மலைபோல் இருக்கிறது.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்ஸல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டார். எல்லோரும் போருக்குப் போக மறுத்துத் தாமாக முன்வந்தவர்கள், உடலும் மனமும் நன்றாக இருக்கிறதா என்று சோதித்து எடுக்கப்பட்டவர்கள். 24 வாரம் அவர்களுக்கு நாளுக்குச் சுமார் 1,600 கலோரிதான். ரொட்டி, உருளைக்கிழங்கு, டர்னிப், முட்டைக்கோஸ், மக்ரோனி. எடையில் கால்வாசி போயிற்று. அது எதிர்பார்த்தது. மனம் போன போக்கைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. சிரிப்பு நின்றது, எரிச்சல் வந்தது, கூடிப் பேசுவது போயிற்று, பெண்கள்மேல் இருந்த நாட்டம் போயிற்று. சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்து ராத்திரியில் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். சிலர் நாளுக்கு 40 பாக்கெட் வரை சூயிங்கம் மென்றார்கள். மறுபடி சோறு போடத் தொடங்கிய பிறகும் ஒருவர் விறகு பிளக்கும்போது கோடரியால் தன் மூன்று விரல்களைத் துண்டித்துக்கொண்டார். தவறிப் பட்டதா, வேண்டுமென்றே செய்ததா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. மனத்திடம் உள்ளவர்கள் என்று பொறுக்கி எடுத்தவர்களுக்கே ஆறு மாத அரைவயிறு செய்த வேலை இது.

நம் ஊர்க் கதை ஒன்றும் இருக்கிறது. குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் பாஸ்டர் ஆய்வகம் இருக்கிறதே, அங்கே ஒரே ஓர் அறையில் 1918-ல் ராபர்ட் மெக்கேரிசன் என்ற ராணுவ மருத்துவர், பி1 சத்துக் குறைவால் நரம்பு தளரும் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். பின்னாளில் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது அந்த அறைதான். மெக்கேரிசன் இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களின் சாப்பாட்டையும் அப்படியே எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்ற சீக்கியர் சாப்பாட்டில் எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. பாலிஷ் அரிசியை நம்பிய நம் மதராஸ் சாப்பாடு கடைசி வரிசை. தீட்டிய அரிசி என்றால் அப்படித்தான், இதில் ரோஷப்பட ஒன்றுமில்லை.

அவர் செய்த இன்னொன்று அதைவிடச் சுவையானது. இங்கிலாந்தின் ஏழைகள் சாப்பிட்ட வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை அள்ளிப் போட்ட டீ, வெந்து குழைந்த காய், தகரடப்பா இறைச்சி ஆகியவற்றை ஒரு கூட்ட எலிகளுக்குக் கொடுத்தார். அவை வளரவில்லை என்பது ஒரு பக்கம். மிரட்சியாகத் திரிந்தன, தீனி போட வந்தவர் கையைக் கடித்தன, ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் சண்டை போட்டன. அறுபதாம் நாள் வாக்கில் வலுவில்லாதவற்றைக் கொன்று தின்ன ஆரம்பித்துவிட்டன. பக்கத்தில் சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் சமாதானமாக இருந்தன. எலிதான், பழைய ஆய்வுதான், மனிதனுக்கு அப்படியே பொருத்தக்கூடாது. ஆனால் இரண்டு வேளை டீயில் பிஸ்கட்டை முக்கிச் சாப்பிட்டே மத்தியானத்தை ஓட்டும் பையன்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குன்னூர்க் கூண்டு நினைவுக்கு வரும்.

பாலிஷ் அரிசியில் போவது பி1 என்ற தயமின். நரம்பணு குளுக்கோஸை எரித்துச் சக்தியாக்க அது இல்லாமல் முடியாது. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் ஓய்வில் இருக்கும்போது செலவாகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதனால் முதல் அடி அங்கேதான் விழும். சாப்பிடாமல் குடித்துக் கிடப்பவர்களுக்கு இன்றைக்கும் இது வருகிறது. கண் ஒரு பக்கம் ஓடும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். போதை தெளியவில்லை என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். தயமின் ஊசி தாமதமானால் புது நினைவு எதுவும் பதியாத நிலையில் நிரந்தரமாக நின்றுவிடுவார். இதில் தமிழ்நாட்டை ஓரளவு காப்பாற்றியது புழுங்கல் அரிசி. நெல்லை வேகவைக்கும்போது தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடும், பிறகு தீட்டினாலும் கொஞ்சம் மிஞ்சும். பச்சரிசி தின்ற ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி வாட்டியபோது புழுங்கல் தின்ற பக்கங்களில் அவ்வளவு இல்லை. கண்டுபிடித்த பாட்டிமாருக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது.

இப்போது பி12-க்கு வருகிறேன். மாப்பிள்ளைக்கு அதைப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் எங்கள் பெரியம்மா.

பெரியம்மாவுக்கு அப்போது 67 வயது. சைவம், சர்க்கரை, பல வருடமாக மெட்ஃபார்மின். ஒரு வருடமாகவே ஆள் மாறிப்போயிருந்தார். கோலம் போடுவதை விட்டார், சீரியலை விட்டார், "என்னத்தைப் பேசி" என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுவார். பெரியப்பா போன துக்கம் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். பாடம் நடத்தும் நானும் அதில் அடக்கம். ஒருநாள் கோயிலிலிருந்து வந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றொன்று வழியில் கழன்றுவிட்டது, தெருத்தார் சூட்டில் வெறுங்காலோடு நடந்து வந்ததே அவருக்குத் தெரியவில்லை. பாதத்தில் உணர்ச்சி இல்லை. நாக்கை நீட்டச் சொன்னேன். செக்கச்செவேலென்று, மேடுபள்ளம் இல்லாமல் வழவழவென்று இருந்தது. ரத்தத்தில் பி12 அளவு 96. வழக்கமாக 200-க்குக் கீழே போனாலே பற்றாக்குறை என்பார்கள். முதல் வாரம் தினமும் ஊசி, பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. மூன்றாம் மாதம் போனபோது வாசலில் கோலம் இருந்தது. பாதத்தின் மதமதப்பு மட்டும் முழுதாகப் போகவில்லை. தாமதத்துக்கு அது விலை.

இது அதிசயம் இல்லை, பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். நரம்பிழையைச் சுற்றி மின்கம்பியின் பிளாஸ்டிக் உறைபோல மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. அதைப் பராமரிக்கவும், மனநிலையோடு தொடர்புள்ள ரசாயனங்கள் உருவாவதற்கு வேண்டிய துணைப்பொருளைத் தயாரிக்கவும் பி12-உம் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமினும் கைகோத்து வேலை செய்கின்றன. பி12 செடி கொடியில் கிடையாது. பாக்டீரியா உண்டாக்குவது, விலங்கின் வழியாக நமக்கு வருகிறது. ஈரல், மீன், முட்டை, பால், தயிர். நாளுக்கு இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம் போதும். அரை லிட்டர் பாலில் ஏறக்குறைய அது வந்துவிடும். ஆனால் காபிக்கு ஊற்றும் பாலும் நீர்மோரும்தான் பால் என்றால் எங்கே வரும்? ஈரலில் சில வருடத்துக்கான கையிருப்பு இருப்பதால் குறை மெல்ல மெல்லத்தான் தலைகாட்டும். மெட்ஃபார்மின் குடல் பி12-ஐ உறிஞ்சுவதைக் குறைக்கும். நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்கில் போடும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் அப்படியே. மாப்பிள்ளை இந்த வகையில் கச்சிதமாகப் பொருந்துகிறார். இன்னொரு எச்சரிக்கை. பி12 பார்க்காமல் ஃபோலேட்டின் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலம் மட்டும் போட்டுக்கொண்டால் ரத்தசோகை சரியானதுபோல் காட்டும், நரம்புக் கேடு உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

பெரியவர்களுக்கு மட்டும் இல்லை. பி12 குறைந்த தாயிடம் பால் குடிக்கும் குழந்தை ஆறேழு மாதம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு சிரிப்பை மறக்கும், தலை நிற்காது, கைகால் நடுங்கும். இந்தியாவில் 1950-களிலிருந்தே விவரித்து எழுதப்பட்ட நோய் அது. பி12 கொடுத்தால் சில நாளிலேயே முகம் பார்க்க ஆரம்பிக்கும்.

இரும்பும் அப்படித்தான். டோபமைன் என்ற மூளை ரசாயனத்தைத் தயாரிக்கும் நொதிக்கு இரும்பு வேண்டும், மயலின் பூசும் செல்லுக்கும் வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு ரத்தசோகை. "சோம்பேறி", "எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள்" என்று பேர் வாங்கும் பெண்களில் எத்தனை பேருக்கு ஹீமோகுளோபின் எட்டு, ஒன்பதில் நிற்கிறதோ. சாப்பிட்டு முடித்த கையோடு காபி, டீ குடித்தால் கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பு உடம்பில் சேர்வது வெகுவாகக் குறையும். டீ என்றால் பாதிக்கு மேலேயே அடிபடும். ஒன்றரை மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரைக் கூட்டில் எலுமிச்சை பிழிவது நல்ல பழக்கம், வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும்.

அயோடின் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது, ஏனென்றால் நிறைய வீடுகளில் திடீரென்று இந்துப்புக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். கருவில் இருக்கும் குழந்தையின் நரம்பணுக்கள் தம் இடத்துக்கு நகர்ந்து போய் உட்காரத் தைராய்டு ஹார்மோன் வேண்டும், ஹார்மோனுக்கு அயோடின் வேண்டும். உலகில் தடுக்கக்கூடிய மூளை வளர்ச்சிக் குறைபாடுகளுக்கு முதல் காரணம் அயோடின் குறைவு. மருத்துவ ஆய்வாளர் வி. ராமலிங்கசாமி 1956-ல் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிக்கு அயோடின் உப்பும் ஒன்றுக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பார்த்தார். ஐந்தாறு வருடத்தில் அயோடின் உப்புத் தின்ற பக்கம் கழுத்துக் கழலை மளமளவென்று குறைந்தது. நாம் இன்றைக்குப் பாக்கெட்டில் வாங்கும் அயோடின் உப்புக்கு அடித்தளம் அதுதான். ஒரு மனிதருக்கு ஆயுள் முழுவதற்கும் வேண்டிய அயோடின் ஒரு டீஸ்பூன்கூட வராது. மருமகள் உண்டாகியிருக்கும் வீட்டில் அந்த ஒரு டீஸ்பூனை இந்துப்பு மோகத்தில் விட்டுவிடாதீர்கள்.

சரி, குறையை நிரப்பினால் ஆளே மாறுகிறார். அப்படியானால் குறை இல்லாதவர் மேலும் மேலும் சேர்த்தால் மூளை மேலும் மேலும் வளருமா? வீடியோக்காரரின் வியாபாரம் நிற்பது இந்த ஒரு தாவலில்தான். ஆய்வுகள் இங்கே கையை விரிக்கின்றன.

அமெரிக்காவில் 18,353 பேருக்கு ஐந்து வருடத்துக்கு மேல் மீன் எண்ணெய் மாத்திரையோ வைட்டமின் டி-யோ போலி மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுமே மனச்சோர்வைத் தடுக்கவில்லை. ஐரோப்பாவில் நான்கு நாடுகளில், எடை கூடியவர்களும் லேசான சோர்வு அறிகுறி உள்ளவர்களுமான 1,025 பேருக்கு ஒமேகா-3, செலினியம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி சேர்ந்த மாத்திரையை ஒரு வருடம் கொடுத்தார்கள். 2019-ல் வந்த முடிவு, பயன் இல்லை. வால்நட்? அறுபதைக் கடந்த நல்ல உடல்நிலையில் உள்ளவர்கள் இரண்டு வருடம் தினமும் ஒரு கைப்பிடி தின்றார்கள். கலிஃபோர்னியாவிலும் பார்சிலோனாவிலும் நடந்தது. நினைவாற்றலில் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. கோக்கோவில் உள்ள ஃபிளவனால் பற்றி 2014-ல் 37 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு ஹிப்போகேம்பஸ் சுறுசுறுப்பானது என்று உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது. 2023-ல் 3,500-க்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்தபோது ஒட்டுமொத்தமாகப் பயன் தெரியவில்லை. ஆனால் ஏற்கனவே மோசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் நினைவு கொஞ்சம் மேம்பட்டது. பெரியம்மா கதையும் இதுவும் ஒன்றேதான். வறண்ட வயலுக்குத் தண்ணீர் விட்டால் பயிர் எழும், நிரம்பிய வயலுக்கு விட்டால் வரப்பு உடையும்.

வல்லாரை, மஞ்சள் பற்றிக் கேட்பீர்கள். வல்லாரைச் சாறு கொடுத்த எலிகளின் நரம்பணுக்கள் கிளை விட்டது உண்மை. மனிதர்களில் நடந்தவை சின்னச் சின்ன ஆய்வுகள், முடிவு முன்னும் பின்னுமாக இருக்கிறது. துவையலாக அரைத்துச் சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும். மஞ்சளின் குர்குமின் குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போவதே சொற்பம். தயிர், பழைய சோறு குடலில் செரட்டோனினைப் பெருக்கி மனதை மகிழ்விக்கும் என்பதும் காதில் விழுந்திருக்கும். உடம்பின் செரட்டோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில் உண்டாவது உண்மை. ஆனால் அது ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில் இருக்கும் தடுப்பைத் தாண்டாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

அப்படியானால் மனச்சோர்வு வந்தவருக்குச் சாப்பாட்டால் ஒன்றுமே ஆகாதா என்றால், அதுவும் இல்லை. 2017-ல் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையில் பேர்போனது. மிதமானது முதல் கடுமையானது வரை மனச்சோர்வும், மோசமான சாப்பாடும் உள்ள 67 பேர். பாதிப் பேருக்கு 12 வாரம் உணவியல் நிபுணர் உட்கார்ந்து பேசிச் சாப்பாட்டை மாற்றினார். முழுத்தானியம், காய், பழம், பயறு, பருப்பு, மீன், கொட்டைகள், ஆலிவ் எண்ணெய் கூட. இனிப்பு, பொரித்தது, பாக்கெட் தீனி குறைய. மறுபாதிப் பேரோடு அதே நேரம் உட்கார்ந்து ஒருவர் ஊர்க்கதை பேசினார். 12 வாரம் முடிவில் சாப்பாட்டை மாற்றியவர்களில் 32 சதவீதம் பேர் மனச்சோர்வு வரம்பிலிருந்தே வெளியே வந்தார்கள். பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம்.

நல்ல முடிவுதான். ஆனால் 67 பேர்தான். யார் எந்தப் பக்கம் என்று கலந்துகொண்டவர்களுக்கே தெரியும், நல்ல சாப்பாடு கிடைத்தவர் நல்லாகும் என்று நம்பியிருப்பார். முக்கியமாக, அவர்களில் பெரும்பாலோர் ஏற்கனவே மாத்திரையோ ஆலோசனையோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள், அதை யாரும் நிறுத்தவில்லை. வீடியோக்காரர் இந்த ஆய்வைக் காட்டினால் அந்த வரியையும் படிக்கச் சொல்லுங்கள். புது நரம்பணு முளைத்ததால்தான் தேறினார்கள் என்று ஜாக்காவும் சொல்லவில்லை. சர்க்கரை நிதானப்பட்டது, உடம்பில் அழற்சி குறைந்தது, வேளைக்குச் சமைத்து உட்கார்ந்து சாப்பிட்டது, எதுவாகவும் இருக்கலாம்.

ஆலிவ் எண்ணெய்க்கு அலைய வேண்டாம். என் கணிப்பில் அந்தத் தட்டின் சாரம் நம் அடுக்களையில் இருக்கிறது. சோற்றைப் பாதியாக்கி, சாம்பாரில் காயை இரட்டிப்பாக்கி, சாயங்காலம் வடைக்குப் பதில் சுண்டலும் வேர்க்கடலையும். மீன் தின்பவர்கள் வஞ்சிரத்துக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை, மத்தியிலும் அயிலையிலும் ஒமேகா-3 தாராளம். முட்டை தின்பவர்களுக்கு ஒன்றில் மூளைக்கு வேண்டிய கோலின் என்ற சத்து சுமார் 150 மில்லிகிராம் கிடைக்கும். சத்துணவு முட்டையைத் தமிழ்நாட்டின் பெரிய மூளை வளர்ச்சித் திட்டம் என்று யாரும் விளம்பரப்படுத்துவதில்லை, அதில் கமிஷன் இல்லை.

தங்கச்சிக்கு நேராகச் சொல்ல வேண்டியது இவ்வளவு. அடுத்த முறை மனநல டாக்டரைப் பார்க்கப் போகும்போது, மாப்பிள்ளை மெட்ஃபார்மின் எத்தனை வருடமாக, எவ்வளவு மில்லிகிராம் சாப்பிடுகிறார், சைவம், கால் மதமதப்பு இருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. இரண்டு டாக்டரும் வேறுவேறு என்பதால் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிந்திருக்காது. பி12, ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றும் பார்க்கலாமா என்று கேள். பி12 குறைவாக வந்து ஊசி போட்டுத் தேறினாலும் மனச்சோர்வு மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை எல்லாம் வரலாம், பழைய நோயும் திரும்பலாம். அவருக்குக் கொடுத்திருப்பது மனநிலையைச் சமன்செய்யும் லித்தியம் என்ற மாத்திரை என்றால் மட்டும் முன்கூட்டியே எனக்குச் சொல். அதைச் சாப்பிடுபவர் திடீரென்று உப்பைக் குறைத்தாலோ தண்ணீர் குடிக்காமல் விரதம் இருந்தாலோ ரத்தத்தில் மருந்து நச்சளவுக்கு ஏறும்.

பொடி டப்பாவின் விலை 1,850 ரூபாய் என்றாய். பி12 சோதனைக்கு அவ்வளவு ஆகாது. மீதிக்கு நிலக்கடலை வாங்கிக்கொள், வறுக்காததாக.